ஊசி போட மறுத்த மகனுக்கு

குமார்,

நீயும் பிருந்தாவும் புதுக்குடித்தனம் வைக்கக் கோயம்புத்தூர் பஸ் ஏறிப் போய் இன்னும் ஒரு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. அதற்குள் கடிதமா என்று கேட்பாய். போனில் பேசினால் நீ, "சாப்டாச்சும்மா, டூட்டிக்குக் கெளம்புதேன்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறாய். எழுதினால் நான் முடிக்கிற வரை நீ இருந்துதான் ஆக வேண்டும். இதை நீ மட்டும் படிக்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. உன் வார்டில் வேலை பார்க்கிற பிள்ளைகள் படிக்கட்டும், அவர்களைப் பெற்றவர்கள் படிக்கட்டும். நம் இலஞ்சித் தெருவில் யாராவது வாங்கிப் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. தையல் மெஷினில் ஒரு ஜாக்கெட் பாதியில் நிற்கிறது. வெளியே சாரல் விடாமல் விழுகிறது. உன் அப்பா ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் காயப்போட இடம் தேடி வீட்டைச் சுற்றி வருகிறார். எழுத இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

அங்கே ஒரு வார்டையே உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று சொன்னாய். உனக்குக் கீழே புதிதாகப் படித்து முடித்த பிள்ளைகள் இருக்கிறார்களாம். அதைக் கேட்டதிலிருந்து உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று என் மனசில் கிடக்கிறது. நர்ஸ் வேலையைப் பற்றி உனக்கு நான் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது? எனக்குத் தெரிந்ததெல்லாம் உன் பாடத்தைக் காதால் கேட்டதுதான். நீ பரீட்சைக்குப் படிக்கும்போது என் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாய். நான் மிதித்துக்கொண்டே கேட்பேன். நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்யாமல் யாரும் நர்ஸ் என்று வேலை பார்க்கக் கூடாது, நோயாளி சம்மதிக்காமல் அவர் உடம்பில் கை வைக்கக் கூடாது, அவருடைய விஷயத்தை வெளியே பேசக் கூடாது, செய்ததை உடனே எழுத வேண்டும், செய்யாததை எழுதக் கூடாது, டாக்டர் எழுதிக் கொடுக்காத மருந்தைக் கொடுக்கக் கூடாது, எழுதிக் கொடுத்தாலும் தப்பாகப் பட்டால் கேட்காமல் கொடுக்கக் கூடாது. இப்படி எத்தனை 'கூடாது'. எனக்கே சலித்துப்போய், "எல்லாரும் நல்ல மனசோட வேல பாத்தா இவ்வளவு சட்டம் எதுக்குல?" என்று ஒரு நாள் கேட்டேன். நீ புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாய்: "நல்ல மனசு இருக்கவங்கதாம்மா தூக்கக் கலக்கத்துல மருந்த மாத்திக் குடுத்துருதாங்க." எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தச் சட்டத்தையெல்லாம் முதலில் எங்கள்மேல்தான் நடத்திப் பார்த்தாய். அப்பாவுக்குப் பிரஷர் பார்க்க வேண்டும் என்றால் நேரே கையைப் பிடிக்க மாட்டாய். "அப்பா, கையில பட்டை சுத்தப் போறேன், கொஞ்சம் இறுக்கும். பாக்கட்டுமா?" என்று கேட்பாய். "ஏலே, பெத்த அப்பன் கைய தொடுததுக்கு உத்தரவு கேக்கியால?" என்று அவர் கத்துவார். "நீங்க சரின்னு சொன்னாத்தாம்ப்பா" என்று நீ நிற்பாய். பட்டாளத்தில் இருபது வருஷத்துக்கு மேல் உத்தரவுக்குத் தலையாட்டி வந்த மனிதரிடம் ஒருவன் உத்தரவு கேட்டு நிற்கிறான். அவருக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று உனக்குத் தெரியாது. கொஞ்ச நாளில், நீ டூட்டி முடித்து வரும் நேரம் பார்த்து, சட்டைக் கையை மடித்துவிட்டுத் தயாராக உட்கார்ந்திருப்பார். நீ கேட்டதும் ரொம்ப யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "சரி, பாரு" என்பார்.

என்னிடம்தான் உன் சட்டம் பெரிய சண்டையைக் கிளப்பியது. மேலத்தெருவில் எனக்குப் பழக்கமான ஒருத்தி உன் வார்டில் வந்து படுத்திருந்தாள். அவளுக்கு என்ன என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நேரே கேட்டேன், நீ சொல்லவில்லை. உளுந்த வடை சுட்டு வைத்துவிட்டுக் கேட்டேன், வடையைச் சாப்பிட்டுவிட்டுச் சொல்லவில்லை. "ஆபரேஷனா இல்லையா, அதமட்டும் சொல்லு" என்றேன். "அம்மா, நீங்க அவங்களயே போய்ப் பாருங்க. அவங்க சொன்னா கேட்டுக்கிடுங்க" என்று படுத்துவிட்டாய். இரண்டு நாள் உன்னோடு நான் பேசவில்லை. அப்புறம் அவளே வீட்டுக்கு வந்து, கேட்காத விஷயத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் கொட்டினாள். போகும்போது, "ஒன் மவன் அந்த வார்டுலதான் இருக்கான்னு தெரிஞ்சதும் பயந்துட்டேன் அக்கா. ஒங்கிட்டகூட வாயத் தொறக்கல பாத்தியா, அது போதும் எனக்கு" என்றாள். நான் ரொம்பப் பெருந்தன்மையாக, "நானும் கேக்கவே இல்லியே" என்றேன். நீ உள்ளே இருந்து இருமினாய்.

இதெல்லாம் சின்ன விஷயம். போன வருஷம் குற்றாலச் சீசனில் நடந்ததைத்தான் எழுத வந்தேன். நீ அதைப் பற்றி யாரிடமும் பேச மாட்டாய். உன் தாய்மாமாவோ இப்போது பாவூர்சத்திரம் சந்தை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். ஆகையால் நான் எழுதினால் யாருடைய ரகசியமும் போய்விடாது. எதற்கும் அவரிடம் கேட்டுவிட்டேன். "தாராளமா எழுது, என் படத்தையும் போடு" என்றார்.

என் அண்ணனை உனக்குத் தெரியும். சந்தையில் காய்கறி மண்டி வைத்திருக்கிற ஆள். அவர் குரலுக்கு லாரி பின்னால் நகரும். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று காதில் விழுந்தால் மண்டியை மகனிடம் விட்டுவிட்டு இங்கே வந்துவிடுவார். அந்தத் தடவை வரும்போதே காலைக் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்தார். தக்காளிப் பெட்டி ஆணி பாதத்தில் குத்தியிருந்ததாம். சர்க்கரை இருக்கிற உடம்பு. அந்தக் காலோடு ஐந்தருவியில் போய் நின்றுவிட்டு வந்திருக்கிறார். மறுநாள் காலையில் பார்த்தால் கணுக்கால் வரைக்கும் வீங்கிச் சிவந்து கிடக்கிறது. காய்ச்சலும் வந்துவிட்டது. கூட வந்திருந்த மதினி அழ ஆரம்பித்துவிட்டாள். மாமா மட்டும் பயப்படவில்லை. சந்தையில் இன்னொருவருக்கு இதே மாதிரி கால் வீங்கி ஏதோ ஒரு ஊசியில் சரியானதாம். அந்த ஆளின் மருந்துச் சீட்டைக் காட்டி ஊசி மருந்தும் சிரிஞ்சும் வாங்கிப் பையிலேயே வைத்திருந்தார். நீ நைட் டூட்டி முடித்து உள்ளே வந்து செருப்பைக் கழற்றவில்லை, பையைப் பிரித்து நீட்டினார்.

"மருமவனே, இந்தா. குத்து."

நீ முதலில் காலைத்தான் பார்த்தாய். கேட்டுவிட்டுத் தொட்டுப் பார்த்தாய். அப்புறம், "மாமா, இத நான் போட முடியாது. ஒங்கள ஒரு டாக்டர் பாத்து, இது ஒங்களுக்குன்னு எழுதித் தரணும். வாங்க, இப்பமே போவோம், நானும் கூட வாரேன்" என்றாய்.

"ஒங்க ஆசுபத்திரியில தெனமும் நூறு பேருக்குக் குத்துத. சொந்த மாமனுக்குக் குத்த டாக்டர் வேணுமாக்கும்?"

"அங்கனயும் எழுதுனதத்தான் மாமா போடுதேன். வீட்ல வச்சு நானா ஊசி போட எனக்கு அனுமதி கெடையாது. ஏதாவது ஆச்சுன்னா சமாளிக்க இங்கன ஒண்ணும் இல்ல. என் பதிவும் போயிரும்."

"பதிவு போயிருமா. நான் போயிட்டா பரவால்லியா?"

மதினி என்னைப் பார்த்தாள். நானும், "போட்டுத்தான் விடேம்ல, மாமாதான" என்றேன். என் அண்ணனின் முகம் காய்ச்சலில் வெந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த நேரத்தில் வேறு ஒன்றும் தோன்றவில்லை. நீ மட்டும் வாசலை ஒட்டி நின்றாய். கண்ணெல்லாம் தூக்கம். தாய்மாமனிடம் எதிர்த்துப் பேசிய பழக்கம் உனக்குக் கிடையாது. ஆனாலும் கையை நீட்டி அந்த மருந்தை வாங்கவில்லை.

அப்போது உன் அப்பா பேசினார். நீ நர்ஸிங் சேர்ந்த நாளிலிருந்து வெளியாட்களிடம், "மெடிக்கல் லைன்ல இருக்கான்" என்று மட்டும் சொல்லிவந்த மனிதர். "மச்சான், ஆர்டர் இல்லாம ஒருத்தன் துப்பாக்கியத் தூக்குனா அவனப் பட்டாளத்துல வச்சுக்கிட மாட்டாங்க. எதிர்ல நிக்கது சொந்தக்காரன்னா என்ன, யாரா இருந்தா என்ன. இவன் சொல்லுததுதான் சரி. எந்திரிங்க, ஆட்டோ பிடிச்சுட்டு வாரேன்" என்றார். உன் பக்கம் சேர்ந்து அவர் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். உனக்கும் அது புதுசுதான், உன் முகத்தைப் பார்த்தேன்.

தென்காசி போகிற வழி முழுக்க மாமா திட்டிக்கொண்டே வந்தார். ஊசி போடத் தெரியாத நர்ஸ் என்றார். படிக்க வைத்த காசுக்கு ஒரு டெம்போ வாங்கியிருக்கலாம் என்றார். நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரிதான், ஆனாலும் அந்த நேரத்தில் நீ டூட்டியில் இல்லாத ஆள், அதுவும் நோயாளிக்குச் சொந்தக்காரன் என்பதால், அங்கே இருந்த எதையும் தொடவில்லை. எங்களைப் போலக் கட்டிலுக்கு இந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். டாக்டர் வந்து காலைப் பார்த்தார், சர்க்கரை பார்க்கச் சொன்னார், ரத்தம் எடுக்கச் சொன்னார், ஊசி எழுதினார். மாமா சீட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் பையிலிருந்த தன் மருந்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே பெயர். "பாத்தியால? டாக்டரும் இதத்தான் எழுதியிருக்காரு. வீட்லயே முடிஞ்சிருக்கும். காலையிலேருந்து என்னிய அலக்கழிச்சிட்ட" என்றார். எனக்கு உன்னைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் பிருந்தா ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அதற்கு முன் அவளை நான் பார்த்ததே இல்லை. ஒல்லியான பெண், நெற்றியில் சின்னச் சந்தனக் கீற்று. மாமாவின் பெயரைக் கேட்டாள், கையில் கட்டியிருந்த அட்டையோடு சரி பார்த்தாள். "பேடிக்காதீங்க ஐயா, சின்ன ஊசிதான்" என்றாள். "என்னம்மா சொல்லுத?" என்றார் மாமா. "பயப்படாதீங்கன்னு சொன்னேன். எங்க செங்கோட்டை கேரளா எல்லைல்லா, மலையாளம் இப்படி வந்துரும்" என்று சிரித்தாள். அப்புறம், இதற்கு முன் ஊசி மருந்து எதாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் கெடையாது. போடு."

"சின்ன வயசுலகூட? தடிப்பு, வீக்கம், மூச்சு முட்டுதல்?"

"டாக்டர்கிட்டயே இல்லன்னு சொல்லியாச்சும்மா. நீ போடு."

அவள் விடவில்லை. எங்கள் பக்கம் திரும்பி, "கூட இருக்கவங்களுக்கு எதாவது ஞாபகம் இருக்கா?" என்றாள். மதினி இல்லை என்று தலையாட்டினாள். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அண்ணனுக்குக் காய்ச்சல் என்று எங்கேயோ ஊசி போட்டுக் கூட்டிவந்தார்கள். வீடு வந்து சேர்வதற்குள் உதடும் கண்ணும் வீங்கி, மூச்சு விட முடியாமல் துடித்ததாகவும், திரும்பத் தூக்கிக்கொண்டு ஓடிப் பிழைக்க வைத்ததாகவும் எங்கள் அம்மா சொல்வாள். யாரோ கண் போட்டுவிட்டார்கள் என்றுதான் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர். ஒத்துக்கொள்ளாத மருந்து என்று யாரும் யோசித்ததே கிடையாது. அண்ணனுக்கு ஞாபகமே இல்லை. நான் தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன்.

பிருந்தா தட்டைக் கீழே வைத்தாள். நேரே டாக்டர் அறைக்குப் போனாள். கதவு திறந்துதான் இருந்தது, உள்ளே நல்ல கூட்டம். நீயும் நானும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் விஷயத்தைச் சொன்னாள். டாக்டருக்கு அவசரம். "எப்பவோ நடந்தது, அதுவும் எந்த ஊசின்னே தெரியல. டெஸ்ட் டோஸ் கொஞ்சமாப் போட்டுப் பாத்துட்டுக் குடுங்க" என்றார். அவள் நகரவில்லை.

"மூச்சு முட்டியிருக்கு சார். வேற மருந்து எழுதித் தந்தீங்கன்னா உடனே போடுதேன். இத நான் போட மாட்டேன். காரணத்தக் கேஸ் ஷீட்ல எழுதிருதேன்."

குரல் உயரவில்லை. ஆனால் பின்னால் கட்டியிருந்த அவள் கை நடுங்கியது. நான் அவள் முதுகுப் பக்கம் நின்றதால் எனக்குத் தெரிந்தது. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எழுந்து கட்டிலுக்கே வந்து என்னிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். எத்தனை நேரத்தில் வீங்கியது, நாக்கு வீங்கியதா என்றெல்லாம் கேட்டார். எழுதியதை அடித்துவிட்டு வேறு மருந்து எழுதினார். கேஸ் ஷீட்டின் மேலே சிவப்பு மையில் ஒரு வரி எழுதினார். "இவரு இனிமே எங்க போனாலும் இதச் சொல்லணும். மறந்துராதீங்க" என்று மதினியிடம் சொன்னார். திரும்பிப் போகும்போது பிருந்தாவிடம், "கேட்டது நல்லதாப் போச்சு" என்றார். அந்த டாக்டரையும் எனக்கு அன்றைக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

மாமா தன் பக்கத்தில் கிடந்த அந்த மருந்துப் புட்டியைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக் கூடத்தில், நான் போடச் சொல்லி, என் மகன் கையால், என் அண்ணன் உடம்புக்குள் அது போயிருந்தால் என்று நினைக்கவே முடியவில்லை. நீ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாய். "எல்லாச் சட்டமும் இதுக்குத்தானால?" என்றேன். "படுத்துக் கெடக்கவங்களுக்கு எந்திரிச்சுக் கேள்வி கேக்க முடியாதும்மா. அவங்களுக்காக யாராவது கேக்கணும்ல" என்றாய். மாமா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார், ஆனால் தூங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மருமவனே, நீ வீட்ல போய் ஒறங்கு. விடிய விடிய முழிச்சவன்" என்றார். காலையிலிருந்து அவர் பேசியதற்கெல்லாம் அதுதான் மன்னிப்பு என்று உனக்கும் புரிந்தது.

கால் ஆறி அவர் மண்டிக்குப் போனதும் என்ன ஆனார் என்று உனக்குத்தான் தெரியுமே. சுமை தூக்குகிறவர் தலைவலி என்றாலும் டெம்போ டிரைவர் இருமினாலும், "ஒனக்கு எந்த மருந்து ஒத்துக்கிடாது? வீட்ல கேட்டுட்டு வா" என்று ஆரம்பித்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பை நிறைய மங்குஸ்தான் பழத்தோடு வந்து இறங்கி, நீ டூட்டியில் இருக்கிற நேரம் பார்த்து என்னைத் தனியே கூப்பிட்டார். "அந்தச் செங்கோட்டைப் பிள்ள இருக்குல்லா, டாக்டர் முன்னால நின்னுச்சே. அதக் குமாருக்குக் கேப்போமா?" என்றார். எனக்கும் அதே நினைப்புதான், வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தேன். நீ வந்ததும் கேட்டேன். உன் காது இரண்டும் சிவந்துவிட்டது.

"அவகிட்டக் கேக்காம நான் ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றாய்.

"ஒனக்குப் பிடிச்சிருக்கா, அதச் சொல்லுல."

"அதயும் அவகிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்லணும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு ரொம்ப முன்னாலேயே உங்களுக்குள் பேச்சு முடிந்திருக்கிறது என்று. அன்றைக்குக் கட்டில் பக்கத்தில் இரண்டு பேரும் அறிமுகமே இல்லாத மாதிரி நின்றீர்கள். மேலத்தெருக்காரி விஷயத்தைக் காத்தவன் உன் விஷயத்தை மட்டும் விடுவாயா? மாமா விழுந்து விழுந்து சிரித்தார். பெண் பார்க்க நாம் செங்கோட்டைக்குப் போனபோது பிருந்தாவின் பெரியப்பா, மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "நர்ஸ். முறையாப் பதிவு பண்ணுன நர்ஸ். ஆர்டர் இல்லாம சொந்தக்காரனுக்குக்கூட ஊசி போட மாட்டான்" என்றார். அதைக் கேட்டுப் பிருந்தா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. இலஞ்சி முருகன் சந்நிதியில் நீ தாலி கட்டியதைவிட, அந்தச் சிரிப்பைப் பார்த்த நேரத்தில்தான் இவள் நம் வீட்டுப் பெண் என்று எனக்குள் முடிவானது.

சரி, சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீ இப்போது கேள்வி கேட்கிற இடத்திலிருந்து கேள்விக்குப் பதில் சொல்கிற இடத்துக்குப் போயிருக்கிறாய். உன் வார்டில் ஒரு சின்னப் பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டு உன்னிடம் வந்து, "அண்ணா, இது சரியான்னு ஒரு தடவ பாக்கீங்களா?" என்று கேட்பாள். உனக்கு அன்றைக்கு ஆயிரம் வேலை இருக்கும். அவள் கேட்பது தேவையில்லாத சந்தேகமாகக்கூட இருக்கும். அப்போதும் நீ எழுந்து அவளோடு போ. பத்துத் தடவை சும்மாதான் போயிருப்பாய், பரவாயில்லை. அவள் கை பின்னால் நடுங்கிக்கொண்டிருக்கும், அது உனக்குத் தெரியாது. அவள் டாக்டரிடம் போய் நிற்க வேண்டியிருந்தால் நீயும் கூடப் போய் நில். சட்டத்தை அவர்களை மிரட்டுவதற்கு மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளாதே. அது அவர்களுக்கும் துணை என்று சொல்லிக்கொடு. வீட்டில், பிருந்தா சொல்வதை நீயும் நீ சொல்வதை அவளும் சரிபார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். சாம்பாரில் உப்பு குறைந்தால் அதற்கு எந்த ஷீட்டிலும் எழுத வேண்டியதில்லை. இரண்டு பேரும் மற்றவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் என்பதால் தங்களுக்குக் காய்ச்சல் வந்தால் சொல்லாமல் இருப்பீர்கள். அது மட்டும் வேண்டாம். உங்கள் விஷயத்தில் எனக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும், அதற்கு உங்கள் சம்மதத்தை இப்போதே வாங்கிக்கொள்கிறேன்.

நேற்று உன் அப்பா, "தீபாவளிக்கு வருவாங்கல்லா?" என்று கேட்டார். டூட்டி போடுகிறவனே இப்போது நீதானே, அதனால் கட்டாயம் வந்துவிடுவாய் என்று அவருக்கு நம்பிக்கை. நான் யோசித்துப் பார்த்தேன். பண்டிகை லீவை முதலில் மற்றப் பிள்ளைகளுக்குக் கொடு. தூர ஊர்க்காரர்கள் இருப்பார்கள், கைக்குழந்தைக்காரிகள் இருப்பார்கள். அவர்களெல்லாம் போய் வந்த பிறகு நீயும் பிருந்தாவும் வாருங்கள். தலைத்தீபாவளி ஆயிற்றே என்று நினைக்க வேண்டாம். செங்கோட்டையில் உன் மாமியாரிடம் பேசிவிட்டேன், அவர்களும் காத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். எண்ணெய்ச் சட்டியை நீங்கள் வருகிற அன்றைக்குத்தான் அடுப்பில் ஏற்றுவேன். ஊரெல்லாம் ஓய்ந்த பிறகு நம் வீட்டு வாசலில் மட்டும் வெடிச் சத்தம் கேட்டால் என்ன ஏது என்று யாரும் பதற வேண்டாம் என்று தெருவில் எல்லாரிடமும் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் அம்மா